வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக்குவதும், கொடுத்த விவரம் போதுமா என்று பார்ப்பதும்: முழுமையான வழிகாட்டி

மூன்று காபி, நான்கு வடை 135 ரூபாய். ஐந்து காபி, இரண்டு வடை 155 ரூபாய். ஒரு காபி என்ன விலை?

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிய எதுவும் இந்தக் கேள்வியில் இல்லை. டிஎன்பிஎஸ்சி தொகுதி 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக்கு உரியவை. வங்கித் தேர்வுகளிலும் எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்விலும் இதே கணக்கு 'டேட்டா சஃபிஷியன்சி' (விவரப் போதுமை: கொடுத்த விவரம் விடை காணப் போதுமா) என்ற பெயரில் வேறு வேடத்தில் வரும். சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. வாக்கியத்தைத் தப்பாகச் சமன்பாடாக்கி இழப்பவர்களும், தீர்க்கவே தேவையில்லாத கணக்கைத் தீர்த்துக்கொண்டு உட்கார்ந்து நேரத்தை இழப்பவர்களும்தான் அதிகம். அதனால் இந்த இரண்டு இடங்களில்தான் இங்கே நின்று பேசப்போகிறோம்.

எழுத்து எதைக் குறிக்கிறது

முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்: க = ஒரு காபியின் விலை (ரூபாயில்), வ = ஒரு வடையின் விலை (ரூபாயில்). 'க = காபி' என்று எழுதுவது போதாது. க என்பது காபி அல்ல, ஓர் எண். காபியின் எண்ணிக்கையா, விலையா, மொத்தச் செலவா என்று தெளிவில்லாமல் எழுத்தைப் போட்டால் மூன்றாவது வரியில் குழப்பம் வந்தே தீரும்.

அலகும் அந்த வரியிலேயே வரட்டும். ஒரு சமன்பாட்டில் ரூபாயும் இன்னொன்றில் பைசாவும், ஒன்றில் மணியும் மற்றதில் நிமிடமும் கலந்துவிட்டால் விடை 60 மடங்கோ 100 மடங்கோ தள்ளிப் போகும்.

இங்கே ஒரு புகழ்பெற்ற பொறி உண்டு. 'ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்கள்' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால், படித்தவர்கள்கூட அவசரத்தில் 30ம = ஆ என்று எழுதிவிடுவார்கள். வாக்கியத்தில் 30-உம் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவே என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆசிரியர் 2 பேர் என்று வைத்துப் பாருங்கள். மாணவர் 60 ஆக வேண்டும். 30 × 60 = 2 என்பது பொருந்தாது. சரியானது ம = 30ஆ. சமன்பாடு எழுதியதும் சின்ன எண் ஒன்றைப் போட்டு இப்படிச் சரிபார்க்க ஐந்து விநாடி போதும்.

தமிழ் வாக்கியம் எப்படிச் சமன்பாடாகிறது

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எது அளவுகோல் என்பதை வேற்றுமை உருபே சொல்லிவிடும். 'தம்பியிடம் இருப்பதைப் போல் மூன்று மடங்கு அக்காவிடம் இருக்கிறது.' இதில் 'ஐ' ஏற்றிருப்பது தம்பியிடம் இருக்கும் பணம். ஆகவே மூன்று அதோடுதான் பெருகும்: அ = 3த. 'அக்காவைவிடத் தம்பி 5 வயது இளையவன்' என்றால் அக்கா அளவுகோல், த = அ − 5. சொற்கள் எந்த வரிசையில் வந்தாலும் சரி, 'ஐப் போல்', 'ஐவிட' ஒட்டிய பெயரைத் தேடி, மடங்கையும் கூட்டல் கழித்தலையும் அதோடு சேருங்கள்.

'இரு மடங்கைவிட 3 குறைவு' என்பது 2த − 3. '3 குறைத்து இரு மடங்காக்கினால்' என்பது 2(த − 3). அடைப்புக்குறியை மறப்பது இந்த இடத்தில்தான். 'மூன்று மடங்கு அதிகம்' என்று வந்தால் அது மூன்று மடங்கா, நான்கு மடங்கா என்ற சந்தேகம் நியாயமானது. இருமொழி வினாத்தாளாக இருந்தால் ஆங்கில வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கைமாற்றுக் கணக்குகளில் இன்னொரு வழக்கமான சறுக்கல் இருக்கிறது. அக்கா தம்பிக்கு 10 ரூபாய் தந்தால் இருவரிடமும் சமமாக இருக்கும். தம்பி அக்காவுக்கு 10 ரூபாய் தந்தால், தம்பியிடம் மிஞ்சுவதைப் போல் இரு மடங்கு அக்காவிடம் இருக்கும்.

அ − 10 = த + 10
அ + 10 = 2(த − 10)

பணம் ஒருவர் கையை விட்டுப் போகும்போது மற்றவர் கைக்கு வந்தும் சேர்கிறது. பத்து ரூபாய் கைமாறிச் சமமானது என்றால் முதலில் இருந்த வித்தியாசம் 10 அல்ல, 20. அ = த + 20 என்பதை இரண்டாவதில் போட்டால் த + 30 = 2த − 20. தம்பியிடம் 50, அக்காவிடம் 70.

தீர்ப்பது: இதில் அதிக நேரம் வேண்டாம்

தொடக்கக் கணக்குக்குத் திரும்புவோம்.

3க + 4வ = 135
5க + 2வ = 155

வடையின் கெழுக்கள் (எழுத்தின் முன் நிற்கும் எண்கள்) 4, 2. இரண்டாவதை 2-ஆல் பெருக்கினால் 10க + 4வ = 310. முதலாவதைக் கழித்தால் 7க = 175, க = 25. முதல் சமன்பாட்டில் போட்டால் 75 + 4வ = 135, வ = 15. சரிபார்க்கும்போது, எந்தச் சமன்பாட்டில் போட்டு வ-வைக் கண்டீர்களோ அதில் பார்க்காதீர்கள். மற்றதில் பாருங்கள்: 125 + 30 = 155.

நீக்கல் முறையா, பிரதியிடல் முறையா என்பது பெரிய விவாதம் இல்லை. ஏதாவது ஓர் எழுத்து தனியாக, கெழு 1 உடன் நின்றால் பிரதியிடுங்கள். இல்லாவிட்டால் நீக்குங்கள். குறுக்குப் பெருக்கல் முறை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தேர்வு அவசரத்தில் அதில் குறிகள் மாறிப்போகும் வாய்ப்பு அதிகம். பின்னங்கள் நிறைந்த கெழுக்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

கெழுக்கள் இடம் மாறி நிற்கும் கணக்குக்கு மட்டும் தனி வழி. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர் இப்படி ஒரு பழக்கணக்கு கேட்கிறார்: 9 நாரத்தை வகைப் பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து 107. 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101. இதில் 9-ஆலும் 7-ஆலும் பெருக்கத் தொடங்குவது வீண் வேலை. இரண்டையும் கூட்டுங்கள்: 16(ந + வ) = 208, ஆக ந + வ = 13. கழியுங்கள்: 2(ந − வ) = 6, ஆக ந − வ = 3. நாரத்தை 8, விளாம்பழம் 5. கூட்டிப் பார்ப்பது, கழித்துப் பார்ப்பது என்ற இந்தப் பழக்கம் பின்னால் போதுமைக் கணக்குகளில் பெரிதும் உதவும்.

வயது: சுத்தமான எண்ணாக வரும் தப்பு விடை

ஐந்து வருடங்களுக்கு முன் அப்பாவின் வயது மகளின் வயதைப் போல் நான்கு மடங்கு. இன்னும் 15 வருடங்களில் இரு மடங்கு. இப்போது என்ன வயது?

அ − 5 = 4(ம − 5)
அ + 15 = 2(ம + 15)

அ = 4ம − 15, அ = 2ம + 15. ஆகவே ம = 15, அ = 45.

அவசரத்தில் முதல் வரியை அ − 5 = 4ம என்று எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மட்டும் ஐந்து வருடம் பின்னால் போய், மகளை இப்போதைய வயதிலேயே விட்டுவிட்டோம். அப்போது 4ம + 5 = 2ம + 15. மகளுக்கு 5, அப்பாவுக்கு 25. முழு எண்கள், நம்பும்படியான வயதுகள், கொள்குறி விடைகளில் இது இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் போய்ப் பார்த்தால் மகளுக்கு 0, அப்பாவுக்கு 20. நான்கு மடங்கு எங்கே? விடை பின்னமில்லாமல் வந்தது என்பதை மட்டும் வைத்துச் சரி என்று நம்பக்கூடாது. சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதும் இந்தத் தப்பைக் காட்டாது, ஏனென்றால் சமன்பாடே தப்பு. விடையைக் கேள்வியின் வாக்கியத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஆட்டோ மீட்டர்: நிலையான பகுதியும் ஓடும் பகுதியும்

4.8 கிலோமீட்டருக்கு 61 ரூபாய், 7.8 கிலோமீட்டருக்கு 97 ரூபாய். குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, அதன்பின் கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இரண்டுக்கும் வித்தியாசம் 3 கிலோமீட்டர், 36 ரூபாய். ஆகவே கிலோமீட்டருக்கு 12. இதுவரை எல்லாரும் சரி. அடுத்து 61 − 12 × 4.8 = 3.40 என்று வந்து, குறைந்தபட்சம் மூன்றரை ரூபாயா என்று விழிப்பார்கள். முதல் 1.8 கிலோமீட்டர் குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் அடக்கம் என்பதைக் கேள்வி சொல்லியிருந்தால் மட்டுமே இதைத் தீர்க்க முடியும்: கு + 12(4.8 − 1.8) = 61, கு = 25. 2013-இல் தமிழக அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் இதேதான், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. (மீட்டரைப் போடச் சொல்வது தனிக் கணக்கு. அதற்குச் சமன்பாடு கிடையாது.)

மின்கட்டணம், கேப் கட்டணம், கூரியர் கட்டணம் எல்லாம் இந்த வகைதான். அடக்கம் எதுவரை என்ற எல்லையை முதலில் தேடுங்கள்.

சம்ப்பும் மோட்டாரும்: நேரத்தை எழுத்தாக்காதீர்கள்

போர் மோட்டாரும் மாநகராட்சிக் குழாயும் சேர்ந்து ஓடினால் சம்ப் 3 மணி நேரத்தில் நிரம்பும். மோட்டார் 2 மணி நேரமும் குழாய் 6 மணி நேரமும் ஓடினாலும் நிரம்பும். தனித்தனியே எவ்வளவு நேரம் ஆகும்?

மோட்டாருக்கு ஆகும் நேரத்தை ம என்று வைத்தால் எல்லாம் பின்னத்தின் கீழே, பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ம = மோட்டார் ஒரு மணி நேரத்தில் நிரப்பும் பங்கு, கு = குழாய் ஒரு மணி நேரத்தில் நிரப்பும் பங்கு.

3ம + 3கு = 1
2ம + 6கு = 1

முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் 4ம = 1. மோட்டார் மணிக்கு கால் சம்ப், அதாவது தனியே 4 மணி நேரம். கு = 1/12, குழாய் தனியே 12 மணி நேரம். படகும் நீரோட்டமும் வரும் கணக்கிலும் இதே தந்திரம்: தூரம் நிலையாக இருந்து வேகம் பகுதியில் வந்தால், 1/வேகம் என்பதையே புது எழுத்தாக்குங்கள்.

ஈரிலக்க எண் கணக்குக்கு ஒரே ஒரு குறிப்பு போதும். எண் 10ப + ஒ, இடம் மாற்றினால் 10ஒ + ப, இரண்டுக்கும் வித்தியாசம் எப்போதும் 9(ஒ − ப). வித்தியாசம் 9-ஆல் வகுபடாமல் வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

இனி, விவரம் போதுமா?

ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் இருக்கும். விடையைக் கேட்க மாட்டார்கள். எந்தக் கூற்று இருந்தால் விடை சொல்ல முடியும் என்று கேட்பார்கள். கூற்று 1 மட்டும் போதும், 2 மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், தனித்தனியே ஒவ்வொன்றும் போதும், சேர்ந்தாலும் போதாது என்று ஐந்து நிலைகள். ஜிமேட்டில் இந்த ஐந்தின் வரிசை மாறாது, மனப்பாடம் செய்துவிடலாம். வங்கித் தேர்வுகளில் வரிசை மாறலாம், மூன்று கூற்றுகளும் வரலாம். ஒவ்வொரு முறையும் படித்தே ஆக வேண்டும். 2023 நவம்பரில் வந்த ஜிமேட்டின் புது வடிவத்தில் இவ்வகைக் கேள்விகள் 'டேட்டா இன்சைட்ஸ்' பகுதிக்கு மாறிவிட்டன. அங்கே திரையில் கால்குலேட்டர் இருக்கிறது. அதைத் தொட்டீர்கள் என்றால் பெரும்பாலும் தேவையில்லாத வேலையில் இறங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

வேலை செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கூற்றுகளைக் கையால் மறைத்துவிட்டு, கேட்டது எது என்று எழுதுங்கள்: ஓர் எண்ணா, இரண்டின் கூட்டலா, விகிதமா, ஆம்/இல்லையா. பிறகு கேள்வியில் சொல்லாமல் சொன்ன நிபந்தனைகளை எழுதுங்கள். ஆட்களின் எண்ணிக்கை முழு எண், விலை நேர்ம எண், ஈரிலக்க எண்ணின் முதல் இலக்கம் 0 ஆகாது. அதன்பின் கூற்று 1-ஐ மட்டும் பாருங்கள். அதை முழுக்க மறந்துவிட்டுக் கூற்று 2-ஐ மட்டும் பாருங்கள். இரண்டும் தனியே தோற்ற பிறகுதான் சேர்க்க வேண்டும். கூற்று 1-இல் படித்த ஒரு செய்தி மனதில் தங்கி, கூற்று 2-ஐப் பார்க்கும்போது ஒட்டிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. ஒவ்வொரு கூற்றுக்கும் தாளில் தனிக் கட்டம் போட்டால் இது பாதி குறையும்.

'இரண்டு எழுத்துக்கு இரண்டு சமன்பாடு' என்ற பழமொழியைப் பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்புகிறவர்களுக்காகவே கேள்வி தயாரிக்கிறார்கள். அது எங்கெங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

ஒரே செய்தி, இரண்டு வேடம்

ஒரு காபியின் விலை என்ன?
கூற்று 1: மூன்று காபி, நான்கு வடையின் விலை 135 ரூபாய்.
கூற்று 2: மூன்று காபி, நான்கு வடைக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து பில் 141.75 ரூபாய்.

இரண்டு கூற்று, இரண்டு எண், இரண்டு எழுத்து. ஆனால் 141.75-ஐ 1.05-ஆல் வகுத்தால் அதே 135. புதுச் செய்தி எதுவும் வரவில்லை. சேர்ந்தாலும் போதாது. 'இரு மடங்கு ஆர்டர் செய்தால் 270', 'மூன்று காபியின் விலை, 135-இலிருந்து நான்கு வடையின் விலையைக் கழித்தது' என்று வேறு வேறு உடையிலும் இது வரும்.

இதைப் பிடிக்கக் குறுக்காகப் பெருக்குங்கள். 3க + 4வ, 5க + 2வ என்றால் 3 × 2 = 6, 5 × 4 = 20. சமமில்லை, ஆக ஒரே ஒரு விடை உண்டு, கணக்கை மூடிவிடலாம். 3க + 4வ, 6க + 8வ என்றால் 24-உம் 24-உம். சமம். அப்போது வலப்பக்க எண்ணும் அதே மடங்கில் இருந்தால் எண்ணற்ற விடைகள், இல்லாவிட்டால் விடையே கிடையாது. விடையே இல்லாத இந்த நிலை பாடப்புத்தகத்தில் வரும், ஒழுங்காகத் தயாரித்த போதுமைக் கேள்வியில் வராது. அங்கே இரண்டு கூற்றுகளும் உண்மை என்றே கொடுப்பார்கள். கூற்று 1-இலிருந்து காபி 25 என்றும் கூற்று 2-இலிருந்து 30 என்றும் வந்தால், தப்பு உங்கள் தாளில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் வரும் மூன்று மாறிகளுக்கும் இதே எச்சரிக்கை. மூன்றாவது சமன்பாடு முதல் இரண்டின் கூட்டலாகவோ கழித்தலாகவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேட்டது குறைவு, அதனால் குறைவே போதும்

ஒரு இட்லி, ஒரு வடை, ஒரு காபி சேர்ந்து என்ன விலை?
கூற்று 1: 3 இட்லி, 7 வடை, 1 காபி 166 ரூபாய்.
கூற்று 2: 4 இட்லி, 10 வடை, 1 காபி 223 ரூபாய்.

மூன்று எழுத்து, இரண்டு சமன்பாடு, போதாது என்று கை தட்டிவிடும். ஆனால் தனித்தனி விலையைக் கேட்கவில்லை, கூட்டலைத்தான் கேட்டார்கள். முதலாவதை 3-ஆல் பெருக்கி, இரண்டாவதை 2-ஆல் பெருக்கிக் கழித்துப் பாருங்கள். இட்லி 9 − 8 = 1, வடை 21 − 20 = 1, காபி 3 − 2 = 1. ரூபாய் 498 − 446 = 52. இரண்டும் சேர்ந்தால் போதும். ஆனால் ஒரு வடை என்ன விலை என்று கேட்டிருந்தால் இதே கூற்றுகள் போதாது.

அந்த 3-ஐயும் −2-ஐயும் எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வரியைப் ப-ஆலும் இரண்டாவதை ட-ஆலும் பெருக்குவதாக வையுங்கள். இட்லிக்கு 3ப + 4ட = 1, வடைக்கு 7ப + 10ட = 1. இதைத் தீர்த்தால் ப = 3, ட = −2. கடைசியாகக் காபிக்கு ப + ட = 1 வருகிறதா என்று பாருங்கள். வருகிறது. கூற்று 2-இல் காபி இரண்டு என்று இருந்திருந்தால் 3 − 4 = −1, வந்திருக்காது, விடையும் 'போதாது' ஆகியிருக்கும்.

விகிதம் கேட்டாலும் இப்படித்தான். காபி விலைக்கும் வடை விலைக்கும் என்ன விகிதம் என்ற கேள்விக்கு 3க = 5வ என்ற ஒற்றைச் சமன்பாடே போதும். வலப்பக்கத்தில் தனி எண் இல்லாத சமன்பாடு விலையைச் சொல்லாது, விகிதத்தைச் சொல்லிவிடும்.

முழு எண் என்ற மறைவான சமன்பாடு

இதுதான் அதிகம் பேரை விழவைப்பது.

ஒரு பேனா 7 ரூபாய், ஒரு நோட்டு 23 ரூபாய். எத்தனை நோட்டு வாங்கினான்?
கூற்று 1: மொத்தச் செலவு 152 ரூபாய்.

7ப + 23ந = 152. ஒரே சமன்பாடு, ஆனாலும் போதும். நோட்டு 0 முதல் 6 வரைதான் இருக்க முடியும். 152-இலிருந்து 23, 46, 69 என்று கழித்துக்கொண்டே போய், மிச்சம் 7-ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். 152, 129, 106, 83, 60, 37 எதுவும் வகுபடாது. 14 வகுபடும். ஆறு நோட்டு, இரண்டு பேனா, வேறு வழியில்லை.

மொத்தம் 237 என்றால்? 3 நோட்டு 24 பேனாவும் வரும், 10 நோட்டு 1 பேனாவும் வரும். போதாது. மொத்தம் 230 என்றால்? 3 நோட்டு 23 பேனா, அல்லது 10 நோட்டு மட்டும். இங்கே கேள்வியில் 'பேனாவும் நோட்டும் வாங்கினான்' என்று ஒரு சொல் இருந்தால் பேனா 0 ஆக முடியாது, ஒரே விடை, போதும். அந்தச் சொல் இல்லாவிட்டால் போதாது. ஓர் 'உம்'மில் மதிப்பெண் நிற்கும் இடம் இது.

கணக்கிடாமலே கணிக்க ஒரு வழி: இரண்டு விலைகளுக்கும் பொதுக் காரணி இல்லையென்றால், ஒரு விடையிலிருந்து அடுத்த விடைக்குப் போக 7 நோட்டைக் கூட்டி 23 பேனாவைக் குறைக்க வேண்டும். அதற்கு 7 × 23 = 161 ரூபாயாவது மொத்தத்தில் இருக்க வேண்டும். மொத்தம் 161-க்குக் கீழே என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரவே வராது. பொதுக் காரணி இருந்தால் முதலில் அதனால் வகுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

தண்ணீர் லாரிக் கணக்கில் வித்தியாசம் தெரியும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு மாதத்தில் 9,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரிகளில் மொத்தம் 1,44,000 லிட்டர் தண்ணீர் வந்தது. பெரிய லாரி எத்தனை? 9சி + 12பெ = 144, மூன்றால் வகுத்தால் 3சி + 4பெ = 48. இதில் 3 × 4 = 12 தான், 48 அதைவிட மிகப் பெரியது. பெரிய லாரி 0, 3, 6, 9, 12 எதுவாகவும் இருக்கலாம். 'மொத்தம் 14 லாரி' என்ற இரண்டாவது கூற்று வந்தால்தான் 6 என்று உறுதியாகும்.

இரண்டு விடை வரும் இடம்

இரண்டு எண்களின் கூடுதல் 10, பெருக்கற்பலன் 21. இரண்டு சமன்பாடு இருந்தும் 'முதல் எண் என்ன?' என்றால் 3-ஆ 7-ஆ தெரியாது, போதாது. 'பெரிய எண் என்ன?' என்றால் 7, போதும். வர்க்கம் வந்தாலோ எழுத்துகள் தமக்குள் பெருகினாலோ 'இரண்டு எழுத்துக்கு இரண்டு சமன்பாடு' என்ற விதியை ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

ஆம், இல்லை கேள்விகளில் இன்னொன்றை நினைவில் வையுங்கள். உறுதியான 'இல்லை'யும் போதுமான விடைதான். காபி வடையைவிட விலை கூடுதலா என்ற கேள்விக்கு, '3 காபி 4 வடை வாங்குவது 4 காபி 3 வடை வாங்குவதைவிட மலிவு' என்ற கூற்று தனியே போதும். இரண்டு பக்கமும் மூன்று காபி, மூன்று வடையை நீக்கினால் வ < க என்று மிஞ்சுகிறது. 'மலிவு' என்பதற்குப் பதில் 'விலை அதிகம்' என்று இருந்தாலும் போதும்தான், விடை 'இல்லை' என்று மாறும், அவ்வளவே.

செய்து பார்க்க மூன்று

முதலாவது. ஒரு முழம் மல்லிக்கும் ஒரு முழம் கதம்பத்துக்கும் விலை வித்தியாசம் என்ன? கூற்று 1: 2 முழம் மல்லி, 3 முழம் கதம்பம் 155 ரூபாய். கூற்று 2: 3 முழம் மல்லி, 2 முழம் கதம்பம் 170 ரூபாய்.

இரண்டாவது. அந்த ஈரிலக்க எண் எது? கூற்று 1: இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 72 கூடும். கூற்று 2: இலக்கங்களின் கூடுதல் 10.

மூன்றாவது. முதல் 1.8 கிலோமீட்டர் அடங்கிய குறைந்தபட்ச ஆட்டோ கட்டணம் எவ்வளவு? கூற்று 1: 4.8 கிலோமீட்டர் சவாரிக்கு 61 ரூபாய். கூற்று 2: 4.8 கிலோமீட்டர் சவாரி இரண்டுக்கு மொத்தம் 122 ரூபாய்.

முதலாவதில் இரண்டும் சேர்ந்தால்தான் போதும். கழித்தாலே வித்தியாசம் 15 வந்துவிடும், தனி விலையைக் காண வேண்டியதில்லை. இரண்டாவதில் கூற்று 1 மட்டுமே போதும்: 9(ஒ − ப) = 72, ஒ − ப = 8. முதல் இலக்கம் 0 ஆகாது, இரண்டாவது 9-ஐத் தாண்டாது, ஆக 19 ஒன்றுதான். கூற்று 2-க்கு 19, 28, 37 என்று வரிசையாக வரும். இந்தக் கணக்கில் 72-க்குப் பதில் 63 என்று மாற்றிப் பாருங்கள். 18, 29 என இரண்டு எண்கள் நிற்கும், கூற்று 1 தனியே போதாது. மூன்றாவதில் சேர்ந்தாலும் போதாது, 122 என்பது 61-இன் இரு மடங்குதான். கூற்று 2-இல் '1.2 கிலோமீட்டர் சவாரிக்கு 25 ரூபாய்' என்று இருந்திருந்தால் அது மட்டுமே போதும்.